முன்திகதி

வர்த்தமானி வந்த அன்று
பெரிய கிளாக்கர் லீவு.
நான்தான் உறையைக் கிழித்தேன்.

"முந்திய ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து
வலுவில் இருந்ததாகக்
கருதப்படுதல் வேண்டும்."

மழைநாளில் கொழுந்துச் சாக்கோடு
செங்குத்து மலையில் இறங்குகிறவர்கள் மாதிரி
பின்பக்கமாகக் காலூன்றி இறங்கும் தமிழ்.

அந்த ஏப்ரலில்தான், கடதாசிப்படி,
கீழ்ப்பிரிவின் இருநூற்றுப் பதினோரு பேரைச்
செக்ரோலிலிருந்து எடுத்தோம்.
ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு செடி.
"இனி நீங்க வேலையாள் இல்ல, பங்காளி" என்றார் துரை.
மடுவத்தில் கேக் வெட்டினோம்.
பங்காளிக்குச் சேமலாப நிதி கிடையாது.
உரம் மட்டும் அவர்கள் கணக்கில்.

கொழும்பிலிருந்து கம்பனி வக்கீல்
போனில் கொதிக்கிறார்:
"நேற்று சரியாக இருந்ததை
இன்று எப்படிப் பிழையாக்கலாம்?
மேட்ச் முடிந்த பிறகு
பவுண்டரிக் கயிற்றை நகர்த்துகிறார்கள்."
நியாயம் போலத்தான் இருந்தது.
"ஆமா சேர்" என்றேன்.

அலுமாரியிலிருந்து ஒப்பந்தங்களை எடுத்தேன்.
எல்லாவற்றிலும் ஏப்ரல் ஒன்று.
எல்லாம் என் கையெழுத்து.
எழுதியது ஜூலையில்,
காற்றில் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்,
"முன்திகதி போடு" என்று துரை சொல்ல.
மூன்று மாதச் சம்பளம்
அன்றைக்கே பின்னால் நடந்து போய்
கொழுந்து விலையானது.

கயிற்றை முதலில் நகர்த்தியது
இந்தப் பேனா, சேர்.
சொல்லவில்லை.

மாதம் மாதமாகப் படிவம் நிரப்புகிறேன்.
சவரியாயி. கோகிலவாணி. பெ. மருதாயி.
நூற்று நாற்பதாவது, ரெ. அமராவதி.

செப்டம்பரில்
நாலாம் நம்பர் மலையில் குளவி கொட்டிச் செத்தவள்.
நட்டஈடு கேட்டு மகன் வந்தபோது
"அம்மா வேலையாள் இல்லையே தம்பி,
சொந்தத் தொழில் செஞ்சவங்க" என்று
இதே மேசையிலிருந்து சொன்னேன்.

இன்று, சட்டப்படி,
அந்தக் காலை அவள் வேலையாள்.
தலைத்துண்டை இழுத்து மூடிக்கொண்டு
கான் ஓரமாக ஓடியது
கம்பனியின் நேரத்தில்.

செப்டம்பர், பதினொரு நாள்.
பன்னிரண்டு வீதம், மூன்று வீதம்,
அவள் பங்கான எட்டும் கம்பனி தலையில்:
மூவாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபா
ஐம்பது சதம்.
நட்டஈட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
சிங்களப் பிரதியிலும் தேடினேன்.

விலகிய காரணம் என்று
விரலகலத்தில் ஒரு கட்டம்.
மரணம் என்று எழுதினால் போதும்.
எழுதினேன்.
பிறகு கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில்:
வேலைத்தலத்தில், வேலை நேரத்தில், குளவி.

கீழே கையெழுத்து.
இன்றைய திகதி.