மூன்று மணிக் கழுவல்

ஜுபைல் ஆலையில்
கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறோம்.
இரவு மூன்று மணிக்கு வடிகட்டிகளைக் கழுவ வேண்டும்.
வால்வைத் திருப்பினால் நீர் பின்னோக்கி ஓடும்;
பகலெல்லாம் பிடித்துவைத்த பாசி, மணல்,
ஒருமுறை ஒரு குட்டி இறாலும்,
வெளியே கொட்டும்.
இருபது நிமிடம். பிறகு பதிவேட்டில் கையெழுத்து.

தொடர்ந்து பன்னிரண்டாவது இரவு.
'நான்காம் வால்வு திறந்தேன்' என்கிறது பதிவேடு
என் கையெழுத்தில்.
திறந்த நினைவில்லை எனக்கு.
டார்ச்சோடு ஓடிப்போய்ப் பார்த்தேன்:
திறந்துதான் இருந்தது.

காலையில் முகாம் வாசலில்
மூன்றாவது தவறுக்குக் கார்டை விழுங்கிக்கொண்டது ஏடிஎம்.
நான்கே நான்கு எண்கள்.
வரிசையில் பின்னால் நின்ற பெஷாவர் டிரைவர்
ஹலாஸ் என்றார்.
கார்டைச் சொன்னாரா, என்னையா?

ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறோம்.
ஒட்டியும் என்ன,
காசளவு வெயில் ஒன்று
மதியம்வரை என் இமையைத் தேடி வருகிறது.
கீழ்க் கட்டிலில் அருளப்பன்
மகளின் கணக்குப் பாடத்தை வீடியோவில் திருத்துகிறார்.
தப்பு, தப்பு, மறுபடி போடு.
நானும் மறுபடி போடுகிறேன், கண்ணை மூடி.

வெள்ளிக்கிழமை
பதினான்கு மணி நேரம் செத்துக் கிடந்தேனாம்.
ஏசி சொட்டித் தலையணை நனைந்ததும் தெரியாது.
எழுந்து பல் தேய்க்கையில்
கேட்காமலே ஆட்காட்டி விரல்
குளியலறைச் சுவரை அழுத்தியது:
ஒன்பது, பூஜ்யம், இரண்டு, ஏழு.

உள்ளே வந்து
யார் வால்வைத் திருப்பினார்கள், தெரியவில்லை.
பதிவேட்டில்
கையெழுத்து இல்லை.