இருபத்துமூன்று மேற்படி

அடிக்குறிப்பு ஒன்றுக்கு ஐம்பது சென்.
தஞ்சோங் பூங்காவில், கடலுக்கு முதுகு காட்டிய குருமட நூலகம்.
குளிர்சாதனம் புத்தகங்களுக்கு.
எனக்கு மேசை விசிறி, வியாழனும் வெள்ளியும்.
ஃபாதர் லூர்து இன்னாசி இறந்து ஒன்பது வருடம்;
அவர் கையெழுத்தில் அறுநூறு பக்கம்,
கணினியில் ஏற்றித் தரவேண்டும்.

இபிட். என்று எழுதுவார். கடைசி எழுத்தின் வால்
கீழ்வரியைக் கொக்கி போட்டு இழுக்கும்.
"அதே இடம் என்று பொருள்" என்றார் நூலகர் வாலன்டைன் கூ,
பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்தபடி.
அட, நம்ம மேற்படி!
பினாங்கு ஸ்ட்ரீட்டில் அம்மா கூட்டிப் பெருக்கிய
வட்டிக்கடைப் பேரேடுகளில்
௸ என்று தும்பிக்கை தூக்கி நிற்குமே, அது.
ஆள் பெயரை ஒருமுறை எழுதினால் போதும்,
அப்புறம் பக்கம் முழுக்க யானைச் சவாரி.

மூன்று அதிகாரம் சிக்கலில்லை.
நாலாவதில், குறிப்பு ஐந்திலிருந்து இருபத்தேழு வரை
வரிசையாக இபிட்.
ஒன்றன் தோளில் ஒன்று ஏறி
எல்லாம் நாலாம் குறிப்பையே பார்க்கின்றன.
நாலாம் குறிப்பு இருந்த தாளைக் கரையான் தின்றிருக்கிறது.
சுத்தமாக. ஓரம்கூடப் பாக்கி வைக்காமல்.

'தூங்குகிறவன் கையில் விளக்கைக் கொடுக்காதே.
பக்கத்தில் வை, எழும்போது அவனே எடுப்பான்.'
எந்த ஆயர் சொன்னார்? எந்த நூற்றாண்டு?
அலமாரி அலமாரியாக ஏறி இறங்கினேன்.
லத்தீன் தெரியாமல் லத்தீனில் தேடுவது
முகம் தெரியாத ஆளை ஃபெரியில் தேடுவது மாதிரி.

அது எனக்குப் பழக்கம்தான்.

என் பிறப்புப் பத்திரத்தில்
தகப்பன் பெயர்: தகவல் இல்லை.
இனம்: மேற்படி. தொழில்: மேற்படி. முகவரி: மேற்படி.
இல்லாத தரையில் மூன்று மாடி.
பிரகாசி என்ற பெயரைப்
பிராக்சி ஆக்கியிருந்தான் எவனோ ஒரு கிராணி.
இந்த மாதிரி இடங்களில் ஃபாதர்
பக்கத்திலேயே சிக் என்று போடுவார்.
தப்புதான், தெரியும், இருந்தது இப்படித்தான்.
அந்தக் கணக்கில்
என் சிவப்பு அடையாள அட்டை முழுக்கச் சிக்.

பட்டர்வொர்த்தில் பார்த்ததாக ஒருத்தர்,
பிறையில் லோரி ஓட்டுவதாக இன்னொருத்தர்.
பாசிம் என்பார் ஃபாதர், அங்கங்கே.
பக்க எண் கேட்காதே என்று அர்த்தம்.
மூக்கை ஒப்பிடுக என்பாள் சித்தி;
யார் மூக்கோடு என்று சொல்லமாட்டாள்.

"வெட்டிவிடு" என்றார் வாலன்டைன் கூ, வெள்ளி மாலை.
"இருபத்துமூன்றையும். ஆதாரம் இல்லாதது நிற்காது."
பதினொன்றரை ரிங்கிட் நஷ்டம்.
அதற்காக மட்டும் இல்லை.
101 பஸ்ஸில் அந்த வரிகளைத் திரும்ப வாசித்துக்கொண்டு போனேன்.
ஒரே குரல். சளி பிடித்த, கோபக்கார,
விளக்கெண்ணெய் விலை தெரிந்த குரல்.
பேரைத் தின்றுவிட்டது கரையான்;
ஆளை அதால் முடியவில்லை.

புதன்கிழமை, பதிவு இலாகா, கவுண்டர் ஏழு.
ஆறாவது தடவை அதே பாரம், அதே கட்டம்.
எழுதுகோலைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார்கள்,
இரண்டு வரிக்குமேல் எட்டாது.
௸ போட்டேன்.
"இது என்ன எழுத்து?" என்றாள் அதிகாரி.
"மேலே உள்ளதுதான் இங்கேயும்" என்றேன்.
அவள் விரல் மேலே போனது.
அங்கே இருந்தது என் பெயர்,
பிழை இல்லாமல், நானே எழுதியது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு முத்திரையைத் தேடினாள், கிடைக்கவில்லை,
உட்காருங்கள், கூப்பிடுவோம் என்றாள்.
அன்றைக்குக் கூப்பிடவில்லை.

வியாழன்.
நாலாம் குறிப்புக்கு எதிரே தட்டினேன்:
'தாள் கரையானிடம். பேசியவர் கீழே இருக்கிறார்.
காண்க: 5 முதல் 27.'
இதற்கும் ஐம்பது சென் எழுதிக்கொண்டேன்.