செவ்வாயில் தண்ணீர்

செவ்வாயில் தண்ணீர் உண்டா என்று
வரிசையின் முனையில் நின்று கேட்டாள் தனலட்சுமி மூட்லி.
உண்டு, காலை ஒன்பதுக்கு, பெல்கேட் முக்கில் என்றேன்.
அந்தச் செவ்வாய் இல்லையப்பா,
மேலே சிவப்பாய் இருக்கிறதே, அது
என்று செய்தித்தாளை நீட்டினாள்.
ஒரு காலத்தில் ஓடியிருக்கிறதாம்.
தடம் கிடைத்திருக்கிறதாம்.

தடம் என் வீட்டிலும் இருக்கு,
குழாய்க்குக் கீழே, பழுப்பாய்.
ராக்கெட் வேண்டாம், டாக்ஸி பிடித்து வரச் சொல்
என்றான் பின்னால் வாளியோடு நின்றவன்.
வரிசை முழுக்கச் சிரித்தது.

ஏப்ரலில் வானம் பொய்க்கவில்லை.
ஊற்று ஊற்றென்று ஊற்றி
டொங்காட்டின் சுத்திகரிப்பு நிலையத்தைச்
சேற்றில் அமுக்கிவிட்டுப் போனது.
பொய்த்தது குழாய்.
அன்றிலிருந்து பத்தாயிரம் லிட்டர் லாரி ஓட்டுகிறேன்.

ஒரு ராக்கெட் விலைக்கு எத்தனை லாரி?
சாப்பாட்டு நேரத்தில் டீசல் ரசீதின் பின்புறம்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பூஜ்ஜியங்கள் தாளைத் தாண்டித்
தொடை வரை வந்தன.
பேனாவை மூடிவிட்டேன்.

லாரிக் கூரையில் ஒரு கறுப்புப் பெட்டி,
சோப்புக்கட்டி அளவு.
நான் தண்ணீரை விற்றுவிடக் கூடாதே என்று
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில்
காவல் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் புகார் வந்தது.
உம்ஷ்லாங்கா விடுதியின் நீச்சல் குளத்துக்கு
ஊற்றியது நான்தானாம்.
விசாரணை அறையில் கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர்,
யாரும் தொடவில்லை.
மிஸ் ஸோண்டி கணினியை என் பக்கம் திருப்பினாள்.
வரைபடத்தில் நான் ஒரு நீலக் கோடு.
கடற்கரைப் பக்கமே அது போகவில்லை.

எனக்காகச் சத்தியம் செய்ய
மனைவி லீவு போட்டு வந்திருந்தாள்.
தேவைப்படவில்லை.
சூரியன் சாட்சி சந்திரன் சாட்சி என்று
கல்யாணத்தில் சொல்வது வாய்ப்பேச்சு.
இது அச்சடித்து முத்திரை குத்திய சாட்சி.

எழுந்தேன்.
உட்காருங்கள் மிஸ்டர் வீரமுத்து.
சனிக்கிழமை. ஹம்பனாதி. தடம் விட்டு உள்ளே.
பதினோரு நிமிடம்.

அது சரளைக்கல் சந்து. பச்சைக் கூடாரம்.
மூன்று கால் இரும்புப் பானைகள் நாலும் காலி.
சனிப் பிணம் தனிப் போகாது என்பது
எங்கள் வீட்டு பயம்.
அவர்களோ எந்தப் பிணத்தையும்
சனிக்காகக் காக்க வைப்பவர்கள்,
ஊர் முழுக்க வந்து சாப்பிட்டுப் போக.
ஒருத்தி லாரிக்கு எதிரே வந்து நின்றாள்.
எதுவும் கேட்கவில்லை.
வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

சாவு வீட்டுக்குத் தண்ணீர் மறுத்தவன் என்ற பேரோடு
எந்தக் கோளிலும் போய்க் குடியிருக்க முடியாது.

ஏன் நின்றீர்கள்?
உங்கள் பெட்டியைக் கேளுங்கள்.
அதற்கு எங்கே என்றுதான் தெரியும்
என்றாள் மிஸ் ஸோண்டி,
சமையலில் உப்பு மறந்தவள் போல.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, அரை நாள் சம்பளம் வெட்டு.
திருடன் இல்லை என்று சொன்னதும் அது,
விதியை மீறினவன் என்று சொன்னதும் அது.
வரவில் எழுதவா, செலவில் எழுதவா?
தனலட்சுமியிடம் கேட்டேன்.
முதலில் குழாயைத் திற என்றாள்.

நேற்று விடியுமுன் நாலு மணி.
நீரேற்று முனையில் குழாயை மாட்டிவிட்டு
அண்ணாந்தேன்.
கரும்புக் காட்டுக்கு மேலே, சிமிட்டாமல்,
ஒரு சிவப்புப் புள்ளி.
அங்கே ஓடிய தண்ணீர்
எந்தப் பக்கம் இறங்கிப் போயிருக்கும்,
கரையில் எதையாவது விட்டுப் போயிருக்குமா,
குடிக்க ஒரு வாய்கூட இல்லாமல்
வீணாய் ஓடியே வற்றியதா...

பூட்ஸ் நனைந்த பிறகுதான் கீழே பார்த்தேன்.
தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
ரெண்டு வாளி இருக்கும்.
யாரிடமும் சொல்லவில்லை.