பின்னணி வெள்ளை

பூலாவ் தீக்கூஸ் சந்தைக்கு எதிரே
பல் மருத்துவருக்கு மேல்மாடியில் எங்கள் ஆங்கில நிலையம்.
வேலை கேட்டு வரும் கடிதங்களை
முதலில் படிப்பவள் நான்.
படித்து, தொலைபேசியில் பேசிப் பார்த்து,
சரியென்று பட்டால் பச்சைக் கோப்பில் வைப்பேன்.
படத்தைப் பார்ப்பது திருமதி சியா.

கோகிலம் நாயக்கர், டர்பன்.
பெயரைப் பார்த்த அவசரத்தில்
தமிழில் வணக்கம் சொல்லிவிட்டேன்.
மறுமுனையில் ஒரு சிரிப்பு.
அந்த மொழி எங்கள் வீட்டில்
கரும்புத் தோட்டத்தோடு நின்றுவிட்டது என்றார்,
ஆங்கிலத்தில்.
பிறகு இருபது நிமிடம்.
'தொலைத்தேன்', 'தொலைத்திருக்கிறேன்':
இரண்டுக்கும் உள்ள தூரத்தைப்
பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்?
சாவியைத் தொலைத்தேன் என்றால் பழைய கதை.
தொலைத்திருக்கிறேன் என்றால்
இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன்
என்றார்.
பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம்தான் படிவம்.
மூன்றரைக்கு ஐந்து சென்டிமீட்டர்.
இரண்டு காதும் தெரிய வேண்டும்.
பின்னணி வெள்ளை.
எல்லாம் சொன்னபடியே அனுப்பியிருந்தார்.
பின்னணி வெள்ளைதான்.

திருமதி சியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள்,
ஆனால் உன்னைப் போலவே இருக்கிறாளே.
உன்னைப் பார்க்கவா
மணிக்கு எண்பது வெள்ளி கட்டுவார்கள்?
கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.
நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது
இஞ்சியும் கோழியும் எள்ளெண்ணெயில் சமைத்து
நான்கு மாடி ஏறி வந்தவர்.

அவர் மட்டுமா?
போன மாதம் மகளைச் சேர்க்க வந்த வழக்கறிஞர்,
சுங்கை பாக்காப்காரர், நம்மவர்,
கண்ணாடிக் கதவு வழியே வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு
என் பக்கம் குனிந்து தமிழில் கேட்டார்:
'ஒரிஜினல் யாரும் இல்லையாம்மா?'

ஒரிஜினல் வந்தார்.
மாரெக். மணல் நிறத்தில் முடி.
லங்காவியில் கடலில் முக்குளிக்கச் சொல்லிக்கொடுத்தவர்.
ஆங்கிலத்தை அவரும் எங்களைப் போலப்
பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்.
நல்ல மனிதர்.
பிள்ளைகளுக்குச் சுறாக் கதை சொல்வார்.
ஏழு சுறாவுக்கும் பன்மை போட மறந்துவிடுவார்.
எல்லாரும் போன பின்
பலகையில் விட்டுப்போன எழுத்துகளை
நான் போட்டுவைப்பேன்.
போட்டுவிட்டுத்தான் துடைப்பேன்.

கோகிலத்துக்குக் கடிதம் எழுதியதும் நான்தான்.
'வருந்துகிறோம், இடம் நிரம்பிவிட்டது.'
அன்றைக்கு மாரெக் லங்காவியில்தான் இருந்தார்.
ஆனால் வாக்கியத்தில் பிழை கிடையாது,
இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஒரே வரியில் பதில் வந்தது:
படம் வருவதற்கு முன்பே நிரம்பியிருந்ததா,
வந்த பிறகு நிரம்பியதா?

காலம் பற்றிய கேள்வி.
நான் பதில் போடவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி வகுப்பில்
மூன்றாவது வரிசையில் இருக்கிறான் என் மகன்.
ஊழியர் கழிவு, பாதிக் கட்டணம்.
கோயிலில், கல்யாண வீட்டில்,
யாரிடம் இங்கிலீஷ் படிக்கிறாய் என்று
யாராவது அவனைக் கேட்டால்
அவன் வாய் திறக்குமுன்
நான் சொல்லிவிடுகிறேன்.