மெல்ல மிதிப்பவள்

ஓடுதளத்தின் முனையில்,
நிற்கப் போகிற கடைசிப் பத்தடியில்தான் கத்தும்.
பல் கூசும். முதுகெலும்பு கூசும்.
குவில் ஏரியிலிருந்து வந்து
அறுத்த கோதுமைத் தாளில் மேயும் நாரைகள்
ஒருசேரக் கழுத்தை நீட்டிப் பார்க்கும்,
தங்களில் ஒருத்தி தரையிறங்கிவிட்டாள் என்பதுபோல.

ஆறு குளிர்காலம் கட்டிய விமானம்.
ரிவெட் பதினோராயிரத்துச் சொச்சம், எண்ணியவள் நான்.
எஞ்சின் ஒரு நாளும் முனகியதில்லை.
வலது சக்கரத்துக்கு மட்டும் என்ன குறை?

காலிப்பர் ஊசி காய்ந்திருக்கும் என்றார் ஓரெஸ்ட்.
கழற்றித் துடைத்து, உலர்மசகு பூசி, மாட்டினேன்.
கத்தியது.
தட்டு கோணியிருக்கும் என்றார்.
டயல் அளவியை வைத்துச் சுற்றினேன்;
முள் ஒரு முடி அளவும் அசையவில்லை.
இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிப் பாருங்கள் என்றான்
பெட்ரோல் போட வந்த ஹால்டோர்.
ஒரு சனிக்கிழமை முழுக்க,
முழங்காலுக்கு அட்டை விரித்து மாற்றினேன்.
இப்போது இரண்டு பக்கமும் கத்தியது.

கடைசியில் பேடுகளைக் கழற்றி
கொட்டகைக் கதவோர வெளிச்சத்தில் பிடித்தேன்.
சொரசொரப்பாய் இருக்க வேண்டியது
வார்னிஷ் அடித்த மேசைபோல் மினுங்கியது.
ஓரெஸ்ட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"சூடுபட்டு வெந்தால்தான் பேடு பேடாகும்.
நீ தடவித் தடவி மெருகேற்றி வைத்திருக்கிறாய்.
ஒரு தடவையாவது முழுசாய் மிதித்திருக்கிறாயா, டாக்னி?"

இருபத்தேழு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
வின்யார்டுக்கு வடக்கே சரளைச் சாலை, பனிச் சாலை,
மைனஸ் முப்பத்தைந்தில் முப்பத்தொரு பிள்ளைகள்.
எங்கே நிற்கப் போகிறேன் என்று
அரை மைலுக்கு முன்பே என் பாதத்துக்குத் தெரியும்.
கண்காட்சிக்கு ஒருத்தி மடியில் கொண்டுவந்த
தீக்குச்சிக் கோட்டைகூடச் சரிந்ததில்லை.

ஒரு நாள் தவிர.
மான் குறுக்கே வந்தது. மிதித்தேன்.
மானுக்கு ஒன்றுமில்லை.
டெரில் ஸ்டெஃபன்யுக்கின் முன்பல்லைக்
கைக்குட்டையில் மடித்து அவன் அம்மாவிடம் கொடுத்தேன்.
"எப்படியும் விழ வேண்டிய பல்தானே" என்று அவள் சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
என் கால் அன்றிலிருந்து முட்டைமேல் நடக்கிற கால்.

உப்புத்தாளில் வட்டம் வட்டமாய்த் தேய்த்து மெருகை எடுத்தோம்.
இனி ஆறு முறை:
ஐம்பது கிலோமீட்டர் வேகம், பிறகு முழு பிரேக்.
ஓரெஸ்ட் தீயணைப்பானைக் கட்டிப்பிடித்தபடி ஓரமாய் நின்றார்.

முதல் முறை, பாதியிலேயே கால் தானாக எழுந்துவிட்டது.
பக்கத்து சீட் காலி என்று
சத்தமாய்ச் சொல்லிக்கொண்டேன்.
பின்னால் சீட்டே கிடையாது என்றும்.
இரண்டாம் முறை மிதித்தேன்.
வார் காறை எலும்பை அறுத்தது. மூக்கு குனிந்தது.
பென்சில் பறந்துபோய்க் கண்ணாடியில் மோதியது.
யாரும் அழவில்லை.
நான்காம் முறை நகம் கருகிய வாடை.
ஆறாம் முறைக்குள், சொல்ல வெட்கமாய் இருக்கிறது,
எனக்குப் பிடித்துப்போயிருந்தது.
ஏழாவதும் போனேன்.
ஓரெஸ்ட் கையை ஆட்டி ஆட்டித் தடுத்தார்.

ஆறட்டும் என்று காத்திருந்தோம், பெடலைத் தொடாமல்.
இறக்கையின் கீழ் உட்கார்ந்து
நான் கொண்டுவந்த வினார்டெர்ட்டாவைத் தின்றார்,
என் அம்மா செய்வதைவிட வறட்சி என்றார்,
இரண்டாம் துண்டும் எடுத்தார்.

பிறகு இருவருமாய் முனைவரை உருட்டிப் போனோம்.
திரும்பினேன். நின்றேன்.
ஒரு நாரையும் நிமிரவில்லை.

அந்த அமைதிக்குள்,
சீட்டுக்குப் பின்னால் எங்கோ
டக். டக்.
"இது என்ன?"
"அதுவா?" என்றார் ஓரெஸ்ட்,
"அது முதல் நாளிலிருந்தே இருக்கிறது."