திருவயிறு

கல்லைக் கழுவி, தாளை நனைத்து ஒட்டி,
பிரஷ்ஷால் அடித்தடித்து எழுத்துக்குள் இறக்கி
மை ஒற்றுகிறேன்.
குடமுருட்டித் தென்கரை, நெல்லிவாயில் கோயில்,
வடக்குச் சுவர். தினக்கூலி.

கறுப்பிலிருந்து வெள்ளையாய் எழுந்து வருகிறது ஆறாம் வரி:
ஆண்மகவின்றி அரையன் துஞ்சியது,
கொள்ளிடத்துக்கு அப்பாலிருந்து
மகள் பிள்ளையை அழைத்து முடி கவித்தது.
‘அரையர் மகளார் நங்...’
அதற்குமேல் ஓட்டை.
ஓட்டைக்கு அந்தப்புறம்,
‘திருவயிறு வாய்த்த’ என்று தொடர்கிறது.

பிள்ளைக்குத் தாத்தாவின் பட்டப்பெயரே பெயராயிற்று.
பெற்றவன் பெயரைப் பரிசல் துறையில்
ஈர வேட்டிபோல் பிழிந்து போட்டுவிட்டு
வந்திருப்பான்.

“டியூப்லைட் கிளாம்பு. திருவிழாவுக்கு வயர்மேன் அடிச்சது.
சுவருதானேன்னு அடிச்சிட்டான்” என்கிறார்
மெய்க்காவல் குஞ்சிதபாதம்.

வயர்மேனை நான் குறை சொல்லமாட்டேன்.
வயிற்றுக்குத் திரு போட்டவர்கள்
ஆறு வரியில் ஒருமுறைதான் அவள் பேரை வெட்டினார்கள்;
ஒரு ஆணி போதுமாயிருந்தது.
தாத்தாவிடமிருந்து பேரனுக்கு ஒரு பேர் கடந்துபோக
நடுவில் இடுப்பளவு நனைந்து நின்றவள்.
அவளுக்காக நந்தாவிளக்கு ஒன்று,
அதற்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூறு.
ஆடுகள் இருக்கின்றன,
ஒன்றுகூடக் குறையாமல், ஏழாம் வரியில்.

போன ஜூனில் பாபநாசத்தில்
மகளைப் பள்ளியில் சேர்த்தேன். செ. நிறைமதி.
அப்பாவின் ‘ரா’, விட்டுப்போனவனின் ‘கோ’,
என் பேருக்கு முன்னால் நின்று பார்த்த எழுத்துகள்
இரண்டும் வேண்டாமென்று.
கிளார்க் தலை நிமிரவில்லை.
“செ-ன்னா? செல்வராசா, செந்திலா?”
செங்கமலம் என்றேன்.
“ஓகோ, அப்படியும் ஆம்பளப் பேரு வைக்கிறாங்களா”
என்று தந்தை பெயர்க் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.
பின்னால் நீள வரிசை. வெயில் வேறு.
திருத்தச் சொல்ல மூன்றுமுறை போய்விட்டேன்;
சர்வர் இல்லை.

அவளுக்கு அதெல்லாம் தெரியாது.
ஒற்றைக்கொம்பை யானைத் துதிக்கைபோல் சுழித்துப் போட்டு
நோட்டு அட்டை, டிபன் மூடி, என் சேலைத் தலைப்பு,
எங்கும் ‘செ’ எழுதிவைக்கிறாள்.

தாள் காய்ந்துவிட்டது.
ஓட்டையின் விளிம்பில் கிழியாமல் உரிப்பதற்குள்
கை நடுங்குகிறது.
பதிவேட்டில் ‘இவ்விடம் சிதைவு’ என்று குறிப்பது வழக்கம்.
நான் எழுதுகிறேன்:
அரையர் மகள் பேர் இங்கே இருந்தது.
மேலே கிளாம்ப்.