நாற்பத்தொன்றாம் ஜாடி

யெரெவானில் ஜனவரி. ஆய்வகத்துக் கணப்பு
இரும்பைத்தான் சூடாக்குகிறது, அறையை அல்ல.
ஜாடியைத் திறக்கிறேன்.
பன்னிரண்டு பாறைப்பல்லிகள், குச்சாக் சரிவிலிருந்து,
மஞ்சளேறிய சாராயத்தில்
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி.
எனக்கு வேண்டியது அவையல்ல,
அடியில் தங்கிய வண்டல்.

பட்டுச் சல்லடையில் வடிக்கிறேன்
(சம்வேல் ஒருமுறை காபித் துணியில் வடித்தான்,
பிறகு அதிலேயே காபியும் போட்டான்).
செதில், மணல், கொசுவின் ஒற்றை இறகு,
அப்புறம் அவை:
எள்ளில் கால்வாசி.

லாக்டிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறினால்
குடித்த ரத்தமெல்லாம் கரைந்து
உடம்பு கண்ணாடியாகிவிடும்.
வேலம்பிசின் துளியில் மல்லாத்தி
நுண்ணோக்கிக்குள் நுழைகிறேன்.

தலைகால் புரியாத உடல் என்பார்கள்.
கால் எட்டும் புரிகிறது. தலைதான் இல்லை.
வாய் உண்டு. அதற்கு இரண்டு ஊசி,
தடவிப் பார்க்க இரண்டு கை.
மூளை உணவுக்குழலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது;
விழுங்குவது எதுவானாலும்
சிந்தனையின் நடுவே போயாக வேண்டும்.
மூன்றாம் நான்காம் காலுக்கு இடையே மூச்சுத்துளை,
அதிலிருந்து முன்னோக்கி ஒரு வாய்க்கால்.
முதுகின் முன்னே பெரிய கேடயம், பின்னே குட்டிக் கேடயம்,
நடுவே வெறுந்தோல்:
குடித்தால் உப்புவதற்கு.

கேடயத்து மயிர்களை எண்ணுகிறேன்.
ஒரு மயிர் கூடினால் வேறு இனம்.
ஒரு மயிர் குறைந்தால்
எனக்கும் திபிலிசியில் ஒருவருக்கும்
பத்து வருடச் சண்டை.

உண்ணி என்று பேர்.
முட்டையிலிருந்து ஆறு காலோடு வருவது உண்ணாது.
தோலுரித்து எட்டுக்காலானதும் வெறிகொண்டு உண்ணும்.
மறுபடி உரித்தால் மறுபடி விரதம்.
கூடாமல் இட்ட முட்டையில் ஆண் பிறப்பான்,
தாத்தா உள்ளவன், அப்பா இல்லாதவன்.

அது ஏறி வாழும் பல்லியோ நேரெதிர்.
குச்சாக்கில் ஓர் இனத்தில் மருந்துக்குக்கூட ஆண் கிடையாது.
தாய் தன்னையே இடுகிறாள், தானே பொரிந்து வருகிறாள்.
அதே பாறையில் வெயில் காயும் இன்னோர் இனத்தில்
ஆணும் உண்டு, கடித்த தழும்பும் உண்டு.
இரண்டின் அக்குளிலும்
ஒரே உண்ணியா, வேறு வேறா?

இதைக் கேட்கத்தான் ஜாடியைத் திறந்தேன்.
இந்த ஜாடியால் அதைச் சொல்ல முடியாது.

தொண்ணூற்று மூன்று, குளிர்காலம்.
நாளுக்கு ஒரு மணி நேரம் மின்சாரம்,
எந்த மணி என்று யாருக்கும் தெரியாது.
பூங்காவில் மரங்கள் குறைந்துகொண்டே வந்தன.
எனக்கு இருபத்தாறு வயது.
நாற்பத்திரண்டை நாற்பத்தொன்றில் கொட்டினேன்,
ஒன்றரை லிட்டர் சாராயம் மிஞ்சியது,
லாரி ஓட்டும் ம்கர்திச்சிடம் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன்.
ஆறு இரவு எரிந்தது விளக்கு.
அந்த வெளிச்சத்தில் காலுறை தைத்தேன், சீட்டாடினேன்,
சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் செய்யவில்லை.

பல்லிகளின் காலில் நூலால் கட்டிய சீட்டு இருந்தது.
எது எதுவென்று இன்றும் தெரியும்.
உண்ணிகளுக்கு யார் கட்டினார்கள்?

சில்லின் ஓரத்தில் ஒட்டும் தாள் மிகச் சிறிது.
ஊர்: குச்சாக்.
ஓம்புயிர்:
ஓம்பியது யார்?
கேள்விக்குறி போடுவது வழக்கம்.
நான் எழுதினேன்: இரண்டில் ஒன்று.
கலந்தது: வார்தூஹி, 1993.
சம்வேல் எட்டிப் பார்த்து
"அதற்குக் கட்டமே இல்லையே" என்றான்.
இல்லைதான். விளிம்பில் எழுதினேன்.

பல்லிகளைத் திரும்ப உள்ளே வைக்கும்போது பார்த்தேன்:
நாற்பத்திரண்டின் ஆணொன்று,
அதன் காதுத்துளையின் மடிப்பில்
இன்னும் கவ்விக்கொண்டு ஒன்று.
முப்பது வருடச் சாராயம், என் கை,
இன்றைய சல்லடை, எதற்கும் விடவில்லை.
ஒற்றை உண்ணி சாட்சி ஆகாது, தெரியும்.
ஊசியால் எடுக்க மனம் வரவில்லை.

எடுத்தேன்.